பழைய வரிப் பாரமும் சேமநிதிப் பிழையும்

மலேசியாவின் கெடா மாநிலத் தென்பகுதியில், கூலிம் தொடங்கிப் பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங் வழியாகக் குரூண் வரை பரவிக் கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஊழியர் சேமநிதி மூன்று தலைமுறையாகப் பழகிய ஒன்று. வருமான வரிப் பாரமோ அவற்றில் பெரும்பாலான வீடுகளுக்கு அண்மைக் காலத்தில்தான் வந்து சேர்ந்தது. 1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதிக்கான சட்டம் இயற்றப்பட்டபோது, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 5 விழுக்காடும் முதலாளியின் பங்காக 5 விழுக்காடும் கட்டப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பால்வெட்டுக் கூலியிலிருந்து தோட்ட அலுவலகம் பிடித்துக்கொண்ட அந்தச் சிறு தொகை, 55 வயதில் தோட்டக் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறும்போது கையில் நிற்கும் ஒரே சேமிப்பு என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தெளிவாக அறிந்திருந்தனர். அதே மனிதர்களுக்கு வருமான வரி வாரியத்தோடு எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை, ஏனெனில் அவர்களின் வருமானம் வரி கட்டும் எல்லையை எட்டியதே இல்லை.

அந்த எல்லை இன்றும் தோட்டத் தொழிலாளியின் கைக்கு அப்பால்தான் இருக்கிறது. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆண்டுக்கு 20,400 ரிங்கிட். தனி ஒருவர் வரி கட்டத் தொடங்குவதோ, சேமநிதிப் பிடித்தம் போக ஆண்டு வருமானம் ஏறத்தாழ 37,333 ரிங்கிட்டைத் தாண்டும்போதுதான். ஆனால் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளிலும், சுங்கைப்பட்டாணியின் வங்கிகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் அந்த எல்லையைத் தாண்டிச் சம்பாதிக்கின்றனர். சேமநிதியைப் பற்றி வீட்டில் கேட்க ஆள் உண்டு, வரிப் பாரத்தைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை என்ற நிலையில், இவ்விரண்டும் சந்திக்கும் அந்த ஒரு கட்டத்தில் பிழைகள் நேர்வதில் வியப்பில்லை. அப்பிழைகளைப் பல ஆண்டுகள் கழித்துக் கண்டறிந்தவர்களில் பலர், வாரியத்தின் கடிதத்துக்கு அஞ்சி வாய்மூடி இருந்துவிடுகின்றனர் என்பதுதான் வருந்தத்தக்கது. சட்டம் பிழையைப் பிழையாகவே கருதி, அதைத் திருத்திக்கொள்ளத் தெளிவான வழிகளை வைத்திருக்கிறது.

முதலில் சில சொற்களை விளங்கிக்கொள்வது நல்லது. ஓராண்டின் முழு வருமானத்துக்கும் வரி விதிக்கப்படுவதில்லை. அதிலிருந்து சட்டம் அனுமதிக்கும் சில தொகைகளைக் கழித்த பிறகு எஞ்சும் வருமானத்துக்கே வரி கணக்கிடப்படுகிறது. அவ்வாறு கழிக்கப்படும் தொகையே வரிக்கழிவு எனப்படும். ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் 9,000 ரிங்கிட் கழிவு உண்டு. சேமநிதியில் ஒருவர் தன் பங்காகக் கட்டிய தொகைக்கு 4,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ஆயுள் காப்புறுதிக்கு 3,000 ரிங்கிட் வரையும், 2012ஆம் ஆண்டில் தொடங்கிய தனியார் ஓய்வூதியத் திட்டத்துக்கு 3,000 ரிங்கிட் வரையும் தனித்தனியே கழிவு உண்டு. எந்த ஆண்டின் வருமானத்துக்கு வரி கணக்கிடப்படுகிறதோ அந்த ஆண்டு மதிப்பீட்டு ஆண்டு எனப்படும். சம்பளம் பெறுவோர் நிரப்பும் பிஇ பாரம், 2024 மதிப்பீட்டு ஆண்டுக்கு 2025ஆம் ஆண்டில் நிரப்பி அனுப்பப்பட்டது. தனிநபர்களுக்கு 2004 மதிப்பீட்டு ஆண்டு முதல் சுயமதிப்பீட்டு முறை நடைமுறையில் உள்ளது. அதாவது, வரி எவ்வளவு என்பதை வாரியம் கணக்கிட்டு அனுப்பிய காலம் போய், வரி செலுத்துபவரே கணக்கிட்டு அறிவிக்கும் காலம் வந்துவிட்டது. சான்றுகள் எதையும் பாரத்தோடு இணைக்க வேண்டியதில்லை என்பதால், அனுப்பும் நாளில் எந்தப் பிழையும் எவர் கண்ணிலும் படுவதில்லை; அது அப்படியே பதிவாகிவிடுகிறது.

பிழைகள் பிறக்கும் இடங்களுள் முதன்மையானது சம்பளச் சீட்டு. அதில் தொழிலாளியின் பங்கான 11 விழுக்காடும், 5,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுபவருக்கு முதலாளி கட்டும் 13 விழுக்காடும் அருகருகே அச்சாகி இருக்கும். இரண்டும் தன் கணக்கில்தான் சேர்கின்றன என்ற எண்ணத்தில் இரண்டையும் கூட்டி வரிக்கழிவாகக் காட்டுபவர்கள் உண்டு. கணக்கு தன்னுடையதே என்றாலும், முதலாளியின் பங்கு ஊழியருடைய வருமானத்தில் சேர்க்கப்படுவதில்லை. சேராத ஒன்றைக் கழிக்கவும் இயலாது. மாதம் 2,500 ரிங்கிட் சம்பளக்காரர் ஓராண்டில் தன் பங்காகக் கட்டுவது 3,300 ரிங்கிட். முதலாளி கட்டுவது 3,900 ரிங்கிட். இரண்டையும் கூட்டி உச்சவரம்பான 4,000 ரிங்கிட்டை எழுதியவர் 700 ரிங்கிட்டை மிகையாகக் காட்டியிருக்கிறார். இருப்பினும் இவருடைய வருமானத்துக்கு வரியே வராது என்பதால், அந்தப் பிழையால் ஒரு சென் வரியும் குறைந்திருக்காது. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்: எண் தவறியதெல்லாம் வரி தவறியதாகாது, ஆகவே அச்சப்படுவதற்கு முன் கணக்கைச் சரியான எண்ணோடு மீண்டும் போட்டுப் பார்ப்பதே முதல் வேலை.

இதைவிடப் பொல்லாத பிழை ஒன்று உண்டு. முதலாளி ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி இறுதிக்குள் தர வேண்டிய இஏ பாரத்தில் காட்டப்படுவது, சேமநிதி பிடிக்கப்படுவதற்கு முந்தைய முழுச் சம்பளம். வங்கியில் விழுந்த தொகையைக் கூட்டி அதையே வருமானமாக எழுதிவிட்டுப் பிறகு சேமநிதிக்கான கழிவையும் கேட்பவர், ஒரே தொகையை இருமுறை கழித்துவிடுகிறார். ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்கள் இரண்டு இஏ பாரங்களில் ஒன்றின் சம்பளத்தை விட்டுவிட்டு, இரண்டின் சேமநிதியையும் சேர்த்து எழுதுவதும் இவ்வகையில் அடங்கும்.

பெயர்க் குழப்பத்தால் வரும் பிழைகள் வேறு வகை. தனியார் ஓய்வூதியத் திட்டத்தில் போட்ட பணத்தைச் சேமநிதிக் கட்டத்தில் எழுதுவது, அமானா சஹாம் முதலீட்டை ஓய்வூதியச் சேமிப்பாகக் கருதிக் கழிவு கேட்பது, தனித்தனியாக வரி மதிப்பீடு செய்துகொள்ளும் கணவன் மனைவியருள் ஒருவர் மற்றவரின் சேமநிதியைத் தன் பாரத்தில் காட்டுவது ஆகியவை அடிக்கடி நேர்கின்றன. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு: துணைவரின் பெயரில் உள்ள ஆயுள் காப்புறுதிக்குக் கட்டிய தொகையைக் கழிவாகக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது, சேமநிதிக்கு அந்த இடம் இல்லை. 2018 வரை சேமநிதிக்கும் ஆயுள் காப்புறுதிக்கும் சேர்த்து 6,000 ரிங்கிட் என்றிருந்த ஒரே வரம்பு, 2019 மதிப்பீட்டு ஆண்டு முதல் 4,000, 3,000 என இரண்டாகப் பிரிக்கப்பட்டதால், முந்தைய ஆண்டின் பாரத்தைப் பார்த்து அப்படியே நிரப்பியவர்களும் தடுமாறினர். இன்னொரு பிழை தனக்குத்தானே இழைத்துக்கொள்ளும் அநீதி எனலாம். பெருந்தொற்றுக் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்ற பெயர்களிலும், 2022இல் 10,000 ரிங்கிட் சிறப்பு மீட்பாகவும் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தை வருமானமாக அறிவித்தவர்கள், வரியே இல்லாத தங்கள் சொந்தச் சேமிப்புக்கு வரி கட்டியவர்கள் ஆகின்றனர்.

இனி, திருத்தும் முறை. அதற்கு அடிப்படையான கேள்வி ஒன்றே: பிழையால் வரி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு வாசல்களை வைத்திருக்கிறது, ஒன்றில் நுழைய வேண்டியவர் மற்றொன்றில் நுழைய இயலாது.

வரி கூடிவிட்டவருக்கு உரியது அச்சட்டத்தின் 131ஆம் பிரிவு. பாரத்தை அனுப்பி வரியையும் கட்டிவிட்ட ஒருவர், பாரத்தில் நேர்ந்த தவறு அல்லது பிழையின் காரணமாகத் தம் வரி மிகையாக மதிப்பிடப்பட்டுவிட்டது என்று கருதினால், வாரியத்தின் தலைமை இயக்குநருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து நிவாரணம் கோரலாம் என்பது அதன் சாரம். இதற்கான கெடு, மதிப்பீடு செய்யப்பட்ட ஆண்டு முடிந்ததிலிருந்து 5 ஆண்டுகள். சுயமதிப்பீட்டு முறையில் பாரம் அனுப்பிய நாளே மதிப்பீடு செய்யப்பட்ட நாளாகக் கொள்ளப்படுவதால், 2022 மதிப்பீட்டு ஆண்டுக்கான பாரத்தை 2023இல் அனுப்பியவருக்கு 2028 டிசம்பர் இறுதி வரை காலம் இருக்கிறது. எனவே மூன்று, நான்கு ஆண்டுகளாகச் சேமநிதிக் கழிவைக் கேட்க மறந்தவர், ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கைத் திருத்திக் காட்டி, உரிய இஏ பாரத்தையோ சேமநிதி அறிக்கையையோ சான்றாக வைத்து, தம் வரிக்கோப்பு உள்ள கிளையை அணுகலாம். கெடாவாசிகள் பலருக்கு அது சுங்கைப்பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ உள்ள அலுவலகமாக இருக்கும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அதை வருமான வரிச் சிறப்பு ஆணையர்களின் முடிவுக்கு அனுப்பக் கோரும் உரிமையும் சட்டத்தில் உண்டு. ஒரேயொரு வரம்பைச் சொல்ல வேண்டும்: பாரம் நிரப்பிய காலத்தில் வாரியம் பொதுவாகப் பின்பற்றிய நடைமுறைப்படியே அது நிரப்பப்பட்டிருந்தால், பின்னாளில் அந்த நடைமுறை மாறியதைக் காட்டி இப்பிரிவின்கீழ் நிவாரணம் பெற முடியாது.

இந்த வாசலைத் தட்டுவதற்குச் சோம்பல்படுபவர்கள், தொகை சிறியதுதானே என்று காரணம் சொல்வதுண்டு. கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. 2023 மதிப்பீட்டு ஆண்டில் ஆண்டுச் சம்பளம் 47,000 ரிங்கிட் பெற்ற, திருமணமாகாத ஒரு தொழிற்சாலை ஊழியரை எடுத்துக்கொள்வோம். பிற கழிவுகளை ஒதுக்கிவிட்டுத் தனிநபர் கழிவான 9,000 ரிங்கிட்டை மட்டும் அவர் காட்டி, சேமநிதியை மறந்துவிட்டால், வரிக்குரிய வருமானம் 38,000 ரிங்கிட். முதல் 35,000 ரிங்கிட்டுக்கு வரி 600 ரிங்கிட். எஞ்சிய 3,000 ரிங்கிட்டுக்கு 6 விழுக்காடு வீதம் 180 ரிங்கிட். ஆக மொத்தம் 780 ரிங்கிட். அவர் ஆண்டில் கட்டிய சேமநிதியோ 5,000 ரிங்கிட்டுக்கும் மேல் என்பதால் 4,000 ரிங்கிட் முழுக் கழிவுக்கும் உரியவர். அதைக் காட்டியிருந்தால் வரிக்குரிய வருமானம் 34,000 ரிங்கிட்டாகி, வரி 570 ரிங்கிட்டாகக் குறைந்திருக்கும். அதோடு, வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவருக்குத் தரப்படும் 400 ரிங்கிட் தள்ளுபடியும் கிடைத்து, கட்ட வேண்டியது 170 ரிங்கிட்டாக மட்டுமே இருந்திருக்கும். ஒரு கட்டத்தை வெற்றாக விட்டதற்கு ஓராண்டில் இழந்தது 610 ரிங்கிட். அந்த 35,000 என்ற கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவர்களே இதில் மிகுதியாக இழக்கின்றனர். தோட்டத்திலிருந்து வெளியேறி முதன்முதலாக மாதச் சம்பளத்துக்கு வந்த இளைஞர்களில் கணிசமானோர் அந்தக் கோட்டின் அருகில்தான் நிற்கின்றனர் என்பதால், இது அவர்களுக்கு அவசியம் எடுத்துச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

வரி குறைந்துவிட்டவருக்கு உரிய வாசல் 77பி பிரிவு. உரிய காலத்தில் பாரம் அனுப்பிய ஒருவர், வருமானத்தைக் குறைத்தோ கழிவைக் கூட்டியோ காட்டிவிட்டதைத் தாமே உணர்ந்தால், பாரத்துக்கான கெடு முடிந்த 6 மாதங்களுக்குள் திருத்திய பாரம் ஒன்றைக் கொடுக்கலாம். ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே இந்த வாய்ப்பு. பாக்கி வரியோடு அதில் 10 விழுக்காடு கூடுதலாகக் கட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, முதலாளியின் பங்கில் 3,000 ரிங்கிட்டைக் காப்புறுதிக் கட்டத்தில் எழுதி, 45,000 ரிங்கிட்டாக இருக்க வேண்டிய வரிக்குரிய வருமானத்தை 42,000 ஆக்கிவிட்டவர் குறைத்துக் கட்டிய வரி 180 ரிங்கிட்; தாமாகத் திருத்தினால் அவர் கட்டுவது 198 ரிங்கிட். இந்த 18 ரிங்கிட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, பேசாமல் இருந்தவருக்கு 113ஆம் பிரிவு வைத்திருப்பதைப் பார்க்க வேண்டும்: தவறான பாரம் அளித்ததற்கு, நீதிமன்றம் போகாமலேயே குறைந்த வரிக்குச் சமமான தொகை வரை அபராதம் விதிக்கலாம், குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டால் 1,000 முதல் 10,000 ரிங்கிட் வரை அபராதமும், குறைந்த வரியைப் போல் இரு மடங்கும் கட்ட நேரிடும்.

ஆறு மாதம் கடந்த பிறகு விழித்துக்கொண்டவருக்கும் வழி அடைபட்டுவிடுவதில்லை. திருத்திய பாரம் கொடுக்க இயலாது என்றாலும், தாமாக முன்வந்து வாரியத்துக்கு எழுதிப் பிழையை அறிவிக்கலாம். தணிக்கை தொடங்குவதற்கு முன் அவ்வாறு அறிவித்தவருக்குத் தணிக்கையில் அகப்பட்டவரைவிடக் குறைந்த அபராதமே விதிப்பது வாரியத்தின் கொள்கை. 2018 நவம்பர் 3 முதல் 2019 செப்டம்பர் 30 வரை நடந்த சிறப்புத் தன்னார்வ அறிவிப்புத் திட்டத்தில் அபராதம் முதலில் 10 விழுக்காடாகவும் பின்னர் 15 விழுக்காடாகவும் இருந்தது. 2023 ஜூன் 6 முதல் 2024 மே 31 வரை நடந்த இரண்டாம் திட்டத்தில் அபராதமே இல்லை. அந்தச் சலுகைக் காலங்களைத் தவறவிட்டவர்கள், இனி எதற்கு என்று ஒதுங்கிவிடுவது தவறான முடிவு. கூடுதல் வரி விதிக்க வாரியத்துக்கு உள்ள காலமும் பொதுவாக 5 ஆண்டுகள்தாம் என்றாலும், ஏமாற்று, வேண்டுமென்றே செய்த தவறு, கவனக்குறைவு ஆகியவற்றுக்கு அந்த வரம்பு பொருந்தாது. தெரிந்தபின் மறைத்து வைத்த பிழை எந்தப் பக்கம் சேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வாரியமே முந்திக்கொண்டு கூடுதல் மதிப்பீட்டை அனுப்பி, அதில் உடன்பாடு இல்லாவிட்டால், 30 நாளுக்குள் கியூ பாரத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கடிதத்தை உறையோடு அலமாரியில் வைத்துவிடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது.

இந்திய வருமான வரிச் சட்டத்தோடு ஒப்பிட்டால் மலேசிய முறையின் ஒரு நன்மை புலப்படும். இந்தியாவில் 2022இல் கொண்டுவரப்பட்ட புதுப்பித்த விவரத் தாக்கல், முதலில் 24 மாதங்களுக்கும் 2025 முதல் 48 மாதங்களுக்கும் இடம் தருகிறது. ஆனால் அது கூடுதல் வரி கட்டுவதற்கு மட்டுமே பயன்படும், வரியைக் குறைக்கவோ திரும்பப் பெறவோ பயன்படாது. மலேசியாவிலோ, திரும்பப் பெற வேண்டியவருக்குத்தான் நீண்ட காலம் தரப்பட்டிருக்கிறது.

பிழை வரி செலுத்துபவருடையதாக இல்லாமல் முதலாளியுடையதாக இருக்கும் வழக்குகளும் கெடாவில் புதியவை அல்ல. இஏ பாரத்தில் சேமநிதித் தொகை தவறாக அச்சிடப்பட்டிருந்தால், அதை ஊழியர் தம் பேனாவால் திருத்திக்கொள்ளக் கூடாது. முதலாளியிடம் திருத்திய இஏ பாரம் கேட்டுப் பெற வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணத்தைச் சேமநிதிக்குக் கட்டாமல் வைத்துக்கொண்ட முதலாளி, 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டப்படி குற்றம் புரிந்தவர். ஒவ்வொரு மாதப் பங்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தப்பட்டாக வேண்டும். பழைய வரிப் பாரத்தைச் சரிபார்க்கும்போது சம்பளச் சீட்டையும் சேமநிதி அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், சில வேளைகளில் வரிப் பிழையைத் தேடிப் போய்ச் செலுத்தப்படாத பங்கைக் கண்டுபிடிப்பார். அப்போது அவர் போக வேண்டிய இடம் வரி வாரியம் அன்று, சேமநிதி வாரியம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு பாரம் நிரப்பிக் கொடுப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல் தேவை. வருமான வரிச் சட்டத்தின் 153ஆம் பிரிவின்கீழ் அனுமதி பெற்ற வரி முகவர்கள் வேறு. மடிக்கணினியோடு அமர்ந்து, பெரிய தொகை திரும்ப வரும் என்று ஆசை காட்டிக் கழிவுக் கட்டங்களை எல்லாம் உச்சவரம்புக்கு நிரப்பிவிடுபவர்கள் வேறு. எவர் நிரப்பினாலும் பாரத்துக்குப் பொறுப்பாளி அதில் பெயர் உள்ளவரே. தணிக்கை அதிகாரி கேட்கும்போது காப்புறுதி ரசீதும் ஓய்வூதியத் திட்ட அறிக்கையும் காட்ட வேண்டியவரும் அவரே.

அந்தச் சான்றுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தின் 82ஏ பிரிவு கூறுகிறது. லயத்திலிருந்து மலிவுவிலை வீட்டுக்கும், அங்கிருந்து வாடகை வீட்டுக்கும் மாறிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இது எளிதன்று. செம்பனைக்காகவோ வீடமைப்புக்காகவோ தோட்டம் கைமாறும்போது அதன் அலுவலகமும் மூடப்பட்டு, அங்கே கணக்கு எழுதிய கிராணியும் போய்விடுகிறார். தொழிற்சாலை இடம்பெயரும்போதும் பழைய சம்பளப் பதிவுகள் கிடைக்காமல் போகின்றன. அத்தகைய நிலையில் துணை நிற்பது சேமநிதிக் கணக்குதான். எந்த மாதத்தில் எந்த முதலாளி எவ்வளவு கட்டினார், அதில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு என்பது அதில் பதிவாகியுள்ளது. இணையக் கணக்கிலோ, அடையாள அட்டையோடு சேமநிதி அலுவலகத்துக்குச் சென்றோ அந்த அறிக்கையைப் பெறலாம். தொலைந்துபோன இஏ பாரத்துக்காக 131ஆம் பிரிவு விண்ணப்பத்தைக் கைவிட எண்ணியவர், அந்த அறிக்கையிலுள்ள 12 மாதத் தொகைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கலாம்.